ஃபர்ஸ்ட் இயர் மாணவர்களுக்கு டிஸ்கார்ட் ஆரம்பிக்கலாமா, வாட்ஸ்அப்பே போதுமா?

தாமிரபரணி | இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் புது பேட்ச் உள்ளே வருகிறது. அவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பேட்ச் வந்தபோது 150 பேருக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குரூப். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டிய நாள், "நாளைக்கு எட்டு மணி கிளாஸ் உண்டா?" என்று ஒரு கேள்வி, அதற்கு முப்பது பதில். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்றைக்கு முழுக்க கேக் படம். இவ்வளவுதான் அதில் ஓடியது. பாடம் புரியவில்லை என்று ஒருவர்கூட அதில் எழுதி நான் பார்த்ததில்லை. புரியாதவர்கள் எத்தனை பேர் என்பது முதல் இன்டர்னல்ஸ் மார்க் வந்தபோதுதான் தெரிந்தது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. முதல் ஆண்டிலேயே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டும் சேர்த்து சுமார் 400 பேர் அதன் வழியாக உள்ளே வந்தார்கள். இப்போது ஒவ்வொரு பேட்சிலும் தமிழ் வழியில் ப்ளஸ் டூ படித்தவர்கள் இருக்கிறார்கள். நீட் எழுதி, கவுன்சலிங் முடிந்து, அப்பா அம்மா பெட்டியோடு ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்ட மறுவாரமே அனாடமி லெக்சர் ஹாலில் உட்கார்ந்தால், பாதி ஆங்கிலம், பாதி லத்தீன். வகுப்பில் கை தூக்கிக் கேட்க வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிபிஎஸ்இ, அவருக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு பயம்.

அதனால் டிஸ்கார்டில் ஒரு சர்வர், அதாவது நமக்கென்று ஒரு தனி இடம், போடலாம் என்பது என் எண்ணம். உள்ளே சேனல் என்று தனித்தனி அறைகள் இருக்கும். பாடவாரியாக சேனல், இரவில் சேர்ந்து படிக்க வாய்ஸ் சேனல், ஊர் வாரியாக ஒரு அரட்டை. நண்பர்கள் சிலர் வேண்டாம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நைட்_டூட்டி | இரவு 10.05

சிஆர்ஆர்ஐ-யில், அதாவது படிப்பு முடிந்து செய்யும் கட்டாய இன்டர்ன்ஷிப்பில், இருக்கிறேன். வார்டில் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் கருத்து: வாட்ஸ்அப்பே போதும்.

எனக்கு முந்தைய பேட்ச் ஒன்று டிஸ்கார்ட் ஆரம்பித்தது. முதல் நாளே பாடத்துக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று, மெஸ் புகாருக்கு ஒன்று என்று இருபதுக்கு மேல் சேனல். நூறு பேர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லா அறையும் காலி. காலியான அறையில் முதல் ஆளாகப் பேச யாருக்கும் தைரியம் வருவதில்லை. ஒரு மாதத்தில் அங்கே இருந்தது ஆரம்பித்தவர்களும் தானாகப் பாட்டுப் போடும் ஒரு மியூசிக் பாட் (bot) புரோகிராமும்தான்.

இன்னொன்று போன். சில பையன்களிடம் அண்ணன் பயன்படுத்திக் கொடுத்த பழைய போன். மெமரி நிறைந்து கிடக்கும். புது ஆப் போடச் சொன்னால் எதை அழிப்பது என்று யோசிப்பார்கள். ஹாஸ்டல் வைஃபையில் பல இடங்களில் டிஸ்கார்ட் திறக்காது, கேமிங் என்று தடுத்து வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப் இல்லாத போன் கிடையாது. ஆள் இருக்கும் இடத்தில் போய்ப் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

கயல்_98 | இரவு 10.31

நைட்_டூட்டி சொல்வதில் காலி அறை விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வாட்ஸ்அப்பே போதும் என்பதைப் பெண்கள் பக்கம் இருந்து கொஞ்சம் பாருங்கள்.

ஒரு குரூப்பில் சேர்ந்த நிமிடமே 150 பேருக்கும் உங்கள் போன் நம்பர் தெரிந்துவிடுகிறது. அதோடு டிபி, லாஸ்ட் சீன். எந்த கிளாஸிலும் பார்த்திராத ஒருவரிடமிருந்து இரவு பதினொன்றரைக்கு "ஹாய், நோட்ஸ் வேணுமா" என்று வரும். பதில் போடவில்லை என்றால் "ப்ளூ டிக் வந்துச்சே" என்று மறுநாள் கேண்டீனில் கேட்பார்கள். நான் படித்த கல்லூரியில் பல பெண்கள் குரூப்பில் எதுவுமே எழுதாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். பிறகு பெண்களுக்குள் தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தோம். அங்கேதான் எல்லாக் கேள்வியும் வந்தது.

டிஸ்கார்டில் நம்பர் யாருக்கும் தெரியாது. டெலிகிராமிலும் நம்பரை மறைத்து வைக்கலாம். அது சின்ன விஷயம் இல்லை. எந்த ஆப் என்று முடிவு செய்யும்போது உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்து பேசினார்கள்?

தாமிரபரணி | இரவு 10.44

இரண்டு பேர் இருக்கிறார்கள் அக்கா. ஆனால் இந்தக் கோணத்தில் நாங்கள் பேசவில்லை. நாளைக்கே கேட்கிறேன்.

கருப்பு_காபி | இரவு 11.02

அடிப்படையிலேயே ஒரு கேள்வி. ஒரே ஹாஸ்டல், ஒரே மெஸ், ஒரே லெக்சர் ஹால். நாள் முழுக்க ஒன்றாக இருக்கும் 150 பேருக்கு எதற்கு ஆன்லைனில் ஒரு சமூகம்? எதிர் அறைக் கதவைத் தட்டினால் ஆள் இருக்கிறான். டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பழகியதுதான் கடைசி வரை நிற்கிறது. எல்லாரும் கட்டிலில் படுத்துக்கொண்டு போனையே பார்ப்பதற்கு இன்னொரு காரணம் கொடுக்காதீர்கள்.

கயல்_98 | இரவு 11.09

டீக்கடை யாருக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். பெண்கள் ஹாஸ்டல் கேட் மாலையிலேயே மூடிவிடும். தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்து போகும் டே ஸ்காலர் நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். நீங்கள் சொல்லும் டீக்கடையில் உட்கார முடிந்தவர்கள் ஹாஸ்டல் பையன்கள் மட்டும்தான்.

வடமராட்சி | இரவு 11.50

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மருத்துவ பீடம் 1978-இல் தொடங்கியது. இப்போது நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர், சிங்களம் மட்டும் தெரிந்தவர், இரண்டும் கலந்து கதைப்பவர், எல்லாரும் ஒரே பேட்ச். பாடம் ஆங்கிலத்தில்.

தாமிரபரணி சொன்ன அதே பயம் இங்கேயும் உண்டு, இரண்டு மொழிக்காரருக்கும் உண்டு. பேட்ச் முழுவதற்குமான பெரிய குழுவில் ஆங்கிலத்தில் அறிவித்தல் மட்டும்தான் போகும். அதில் யாரும் மனம் திறப்பதில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது உடலை வெட்டிப் படிக்கும் டிசெக்‌ஷன் மேசைக்கு ஒரு சின்னக் குழு. ஒரே மேசையில் நின்று வெட்டுபவர்கள், பத்துப் பேர் அளவில். முகம் தெரியும், யார் எதில் பலவீனம் என்றும் தெரியும். சிங்களப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி சிங்களத்தில் குரல் பதிவு போடுவாள். அது விளங்கிய ஒருவர் தமிழிலும் சொல்லிவிடுவார். ஒரே பாடம் மூன்று மொழியில் மூன்று முறை விளக்கப்பட்டபோது எல்லாருக்கும் நன்றாகப் பதிந்தது.

2020-இல் பல்கலைக்கழகங்கள் மூடியபோது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக சூமில் விரிவுரை நடந்தது. விரிவுரை எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் விரிவுரை முடிந்த பிறகு "எனக்கு இந்த இடம் விளங்கவில்லை" என்று சொல்ல இடம் கொடுத்தது அந்தப் பத்துப் பேர்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அப்போது நேரலையில் சந்திப்பதே முடியாத காரியம். கரண்ட் வரும் நேரத்தில் ஒருவர் குரல் பதிவு போட்டு வைப்பார், இன்னொருவர் தன் பக்கம் கரண்ட் வரும்போது கேட்டுப் பதில் போடுவார். அந்த வகையில் வாட்ஸ்அப்பும் வைபரும் எங்களுக்குப் பெரிய உதவி. எந்தச் செயலி என்பதைவிட எத்தனை பேர் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

நைட்_டூட்டி | நள்ளிரவு 12.10

பத்துப் பேர் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊரிலும் டிசெக்‌ஷன் டேபிள் கணக்கில்தான் நட்பு உருவாகிறது. ரோல் நம்பர் வரிசையில் டேபிள் போடுவார்கள். அந்த ரோல் நம்பர் நண்பன்தான் வார்டு போஸ்டிங்கிலும் கூட வருவான், யுஜி (எம்பிபிஎஸ்) முடியும் வரை கூடவே இருப்பான்.

மதுரை_அம்மா | காலை 6.25

என் மகள் அரசுப் பள்ளியில் படித்து உள்ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். இப்போது இரண்டாம் ஆண்டு. படிக்கிற பிள்ளைகள் பேசுகிற இடத்தில் நான் நுழைந்ததற்கு மன்னிக்கவும். ஆனால் ஒன்று சொல்ல ஆசை.

முதல் வருடம் தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போக மாட்டேன் என்று அழுதாள். புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, மற்றவர்கள் அதற்குள் பத்துப் பக்கம் போய்விடுகிறார்கள் என்றாள். எங்கள் வீட்டில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. நான் எட்டாவது, அவள் அப்பா பத்தாவது. அப்போது அவளுடைய சீனியர் பெண் ஒருத்தி போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். தமிழில்தான் பேசுவாள், நடுவில் நடுவில் இங்கிலீஷ் பெயர் வரும். சமையல் செய்துகொண்டே நானும் கேட்டிருக்கிறேன். எனக்கே கொஞ்சம் புரிந்தது. அந்தப் பெண் யார் என்று நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவளுக்காகக் கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறேன்.

என்ன ஆப் என்று எனக்குத் தெரியாது. தமிழில் கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள் தம்பி. அது போதும்.

தாமிரபரணி | காலை 7.15

அம்மா, நீங்கள் தாராளமாக எழுதலாம். நீங்கள் சொன்னதைச் சர்வரின் முதல் வரியாகவே போடுகிறேன்.

குரல் பதிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. போன வருடம் என் ஜூனியர் ஒருவர் கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸ் மண்டையில் ஏறவே இல்லை என்று கேட்டார். படத்தை அனுப்பினேன், வீடியோ லிங்க் அனுப்பினேன், பலன் இல்லை. அப்புறம் தமிழில் பேசி அனுப்பினேன்: "கழுத்திலிருந்து அஞ்சு வேர் வருது, சி5-லிருந்து டி1 வரை. மேலே ரெண்டு வேர் சேர்ந்து ஒரு டிரங்க், நடுவிலே ஒண்ணு தனியா ஒரு டிரங்க், கீழே ரெண்டு சேர்ந்து ஒரு டிரங்க். இப்போ பிரசவத்துல குழந்தையோட தோள் மாட்டிக்கிச்சுன்னு வெச்சுக்கோ. தலையையும் தோளையும் எதிரெதிர் பக்கம் இழுத்தா மேல் டிரங்க் அடிபடும், அதாவது சி5, சி6. அப்போ கை உடம்போட ஒட்டித் தொங்கும், முழங்கை மடங்காது, உள்ளங்கை பின்னாடி திரும்பியிருக்கும். அதுதான் எர்ப்ஸ் பால்சி." மூன்று நிமிடப் பதிவு. அதற்குப் பிறகு அவர் அதை மறக்கவில்லை. விவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதே கேள்வி வந்தபோது ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு வந்தார். முதலில் தமிழில் புரிந்துவிட்டால் ஆங்கிலத்தில் சொல்வது பழக்கத்தில் வந்துவிடுகிறது.

உடற்கூறு_வாத்தியார் | காலை 8.40

அனாடமி துறையில் பல வருடம் ஆசிரியராக இருந்தவன். மாணவர்கள் இப்படி யோசிப்பதைப் பார்க்கச் சந்தோஷம். தாமிரபரணியின் விளக்கம் சரியாக இருக்கிறது, தொடர்ந்து செய்யுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். குரூப் என்று ஆரம்பித்த சில வாரங்களில் படம் வர ஆரம்பிக்கும். முதலில் டிசெக்‌ஷன் ஹால். உடலைத் தானம் கொடுத்தவர் ஒரு குடும்பத்தின் அப்பா அல்லது அம்மா. பல கல்லூரிகளில் முதல் நாள் கடாவருக்கு (தானமாக வந்த உடலுக்கு) முன் நின்று உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். அந்த உறுதிமொழி போனுக்கும் பொருந்தும். ஹாலுக்குள் போன் எடுத்துப் படம் பிடித்து "இந்த நெர்வ் எது?" என்று குரூப்பில் கேட்பது எவ்வளவு நல்ல எண்ணத்தில் நடந்தாலும் தவறு. அட்லஸ் படத்தைப் போட்டுக் கேளுங்கள்.

இரண்டாம் ஆண்டு வார்டுக்குப் போனதும் எக்ஸ்ரே, காயம், தோல் நோய், கேஸ் ஷீட். இது இன்னும் கவனம் தேவைப்படுகிற இடம். நோயாளியின் அடையாளம் தெரியும்படி அவருடைய அனுமதி இல்லாமல் படத்தை வெளியிடக் கூடாது என்று 2002-இன் மருத்துவ நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. முகத்தை மட்டும் மறைத்தால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எக்ஸ்ரே ஃபிலிமின் ஓரத்தில் பெயரும் வயதும் ஐபி நம்பரும் (உள்நோயாளி எண்) அச்சாகியிருக்கும். கையில் பச்சை குத்திய பெயர் இருக்கும். பின்னால் கட்டில் நம்பர் தெரியும். சின்ன ஊரில் இதில் ஒன்று போதும், யார் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பல போன்களில் தானாக கேலரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் தம்பி போனை எடுத்துப் பார்க்கும்போது அந்த நோயாளியின் உடம்பு அவன் கண் முன்னால் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது, பயம் இல்லை என்று ஒரு மாணவர் என்னிடம் வாதாடினார். அது வழியில் யாரும் படிக்காமல் தடுக்கும். வாங்கியவர் ஃபார்வர்டு செய்வதைத் தடுக்காது. டிஸ்கார்டின் எழுத்து அரட்டைக்கும் டெலிகிராமின் சாதாரண குரூப்புக்கும் அந்த என்கிரிப்ஷனும் கிடையாது.

கேஸைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "ஐம்பது வயதைத் தாண்டிய ஆண், விவசாயி, இரண்டு வாரக் காய்ச்சல்" என்று எழுதிப் பேசினால் பாடம் கிடைக்கிறது. படம் இல்லாமல் வாயால் ஒரு கேஸைச் சொல்லத் தெரிவதும் ஒரு பயிற்சிதான். நாளைக்கு நடு இரவில் சீஃபுக்கு போன் செய்து கேஸ் சொல்லும்போது அதுதான் உதவும்.

நைட்_டூட்டி | காலை 9.05

சார் சொன்ன கடைசி வரி உண்மை. இன்றைக்குக் காலை ரவுண்ட்ஸிலும் அதற்குத்தான் திட்டு விழுந்தது, எனக்கு இல்லை, பக்கத்து யூனிட்டுக்கு.

கார்கிவ்_ரிட்டர்ன் | பகல் 1.20

நான் உக்ரைனில் படித்தவன். இப்போது வெளிநாட்டில் படித்தவர்கள் எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வை முடித்து இன்டர்ன்ஷிப். கருப்பு_காபி கேட்ட "எதற்கு ஆன்லைனில்" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

கார்கிவில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு டெலிகிராம் குரூப் இருந்தது. அரிசி எங்கே கிடைக்கும், டிஆர்சி (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) புதுப்பிக்க என்ன பேப்பர், ரூமுக்கு ஆள் வேண்டும், இதுதான் அதன் வேலை. அதற்குள் ஹாஸ்டல் மாடி வாரியாகச் சின்னச் சின்ன வாட்ஸ்அப் குரூப். 2022 பிப்ரவரி 24 அதிகாலை குண்டுச் சத்தம் கேட்டு எழுந்தபோது, பெரிய குரூப்பில் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் செய்தி. எது உண்மை எது வதந்தி என்று தெரியவில்லை. பழைய வீடியோவை எல்லாம் புதிது என்று போட்டார்கள். அதைப் பார்த்தால் பயம்தான் கூடும்.

எங்களைக் காப்பாற்றியது மாடி குரூப். அதில் பன்னிரண்டு பேர். யாருக்கு ஆஸ்துமா, யாரிடம் பவர் பேங்க், யாரிடம் கையில் காசு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பங்கரிலும் மெட்ரோ ஸ்டேஷனிலும் இருந்தபோது காலையும் மாலையும் ஒருவர் பெயர் பெயராகக் கூப்பிட்டு எழுதுவார், மற்றவர்கள் "இருக்கேன்" என்று மட்டும் பதில் போட வேண்டும். சார்ஜ் மிச்சம் பிடிக்க வேறு எதுவும் எழுதக் கூடாது. மார்ச் 2 அன்று, கார்கிவை விட்டு உடனே கிளம்பி மாலை ஆறு மணிக்குள் பெசோச்சின், பாபாய், பெஸ்லியுதிவ்கா போய்ச் சேருங்கள், வண்டி இல்லாவிட்டால் நடந்தாவது போங்கள் என்று தூதரகம் அறிவித்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடாமல் நடந்தோம். பனியில் ஒருத்திக்கு ஷூ கிழிந்துவிட்டது. மற்றவர்கள் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு ஆளுக்கொரு மாவட்டம். வீட்டில் உட்கார்ந்து ஆன்லைன் கிளாஸ். சொந்தக்காரர்கள் "டிகிரி செல்லுமா?" என்று கேட்காத நாள் இல்லை. 2022 செப்டம்பரில் வேறு நாட்டுக் கல்லூரிகளில் படிப்பைத் தொடர என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) வழிவிட்டபோது, எந்தக் கல்லூரி, என்ன ஃபீஸ், யாரை நம்பலாம் என்று அலசியது அதே பன்னிரண்டு பேர். இப்போது ஐந்து ஊர்களில் இருக்கிறோம். டீக்கடை வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணா. டீக்கடையே இல்லாமல் போன நாளில் எங்களிடம் அதுதான் இருந்தது.

கருப்பு_காபி | பகல் 2.00

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: நேரில் தெரிந்தவர்களுக்குள் சின்ன குரூப் என்றால் சரி. முகம் தெரியாத ஐந்நூறு பேர் சர்வர் என்றால் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.

மனநலம்_பிஜி | மாலை 5.45

சைக்கியாட்ரியில் பிஜி (மேற்படிப்பு) படிக்கிறேன். இந்த இழையில் யாராவது இதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இன்னும் வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி என்எம்சி அமைத்த பணிக்குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. அதன் ஆன்லைன் கணக்கெடுப்பில் பதில் சொன்ன யுஜி மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கை உங்கள் பேட்சுக்கு அப்படியே பொருத்தாவிட்டாலும், அப்படிப்பட்ட சிலர் உங்கள் சர்வரிலும் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு யாராவது "எதுக்குமே அர்த்தம் இல்ல, போதும்" என்று எழுதுவார். அப்போது என்ன செய்வது என்று அட்மின்கள் இப்போதே பேசி வைத்திருக்க வேண்டும். குரூப்பில் அதற்குக் கீழே அறிவுரை போட ஆரம்பிக்காதீர்கள். இதய எமோஜி போட்டுவிட்டு நகர்ந்தும் போகாதீர்கள். உடனே ஒருவர் அவருக்கு போன் செய்ய வேண்டும், அதே நேரம் இன்னொருவர் அவருடைய ரூம்மேட்டையோ பக்கத்து அறைக்காரரையோ எழுப்பி நேரில் அனுப்ப வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பதில் ஆமாம் என்றால் தனியாக விடக் கூடாது, வார்டனுக்கும் டூட்டி டாக்டருக்கும் சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் சத்தியம் வாங்கினாலும் சொல்லத்தான் வேண்டும். மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இரண்டும் எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். இரண்டு நம்பரையும் சர்வரின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

நண்பர்கள் மருத்துவர் ஆகிவிட வேண்டியதில்லை. பத்துப் பேர் உள்ள குரூப்பில் ஒருவர் இரண்டு நாளாகப் பேசவில்லை என்றால் யாராவது கவனிப்பார்கள். 150 பேர் குரூப்பில் ஒரு மாதம் பேசாவிட்டாலும் தெரியாது. வடமராட்சி சொன்ன எண்ணிக்கைக்கு என் பக்கத்துக் காரணம் இது.

கயல்_98 | மாலை 6.20

இதை அப்படியே எடுத்து எங்கள் பிஜி ஹாஸ்டல் குரூப்பில் போடுகிறேன், சம்மதம்தானே?

மனநலம்_பிஜி | மாலை 6.22

தாராளமாக.

புது_அட்மிஷன் | மாலை 7.10

நான் இந்த வருடம்தான் சேரப் போகிறேன். ஒரு கேள்வி. சீனியர்கள் எல்லாரும் அந்தக் குரூப்பில் இருப்பார்களா? கவுன்சலிங் முடிந்த அன்றே யாரோ என்னை ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். அதில் தினமும் ராத்திரி "இன்ட்ரோ கொடு" என்று ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் கேட்கிறார்கள். பதில் போடாவிட்டால் காலேஜுக்கு வா பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். வெளியே வரலாமா என்று தெரியவில்லை.

உடற்கூறு_வாத்தியார் | மாலை 7.32

தம்பி, அது ராகிங். நேரில் நடந்தால் மட்டும்தான் ராகிங் என்று இல்லை. ஜூனியர்களை மிரட்டச் சீனியர்கள் நடத்தும் இப்படிப்பட்ட வாட்ஸ்அப் குரூப்புகளையும் ராகிங்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2025-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கல்லூரிகளுக்கு எழுதியிருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளுக்கு என்எம்சியின் 2021 ராகிங் தடுப்பு விதிகளும் தனியாக இருக்கின்றன. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யார் எந்த நம்பர் என்று தெரியும்படி. அப்புறம் வெளியே வாருங்கள். கல்லூரியின் ஆன்டி ராகிங் கமிட்டியிடமோ 1800-180-5522 என்ற இலவச எண்ணிலோ சொல்லலாம். வீட்டிலும் சொல்லுங்கள்.

தாமிரபரணி | மாலை 7.50

புது_அட்மிஷன், நீங்கள் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். அங்கே படிக்கும் நல்ல சீனியர் ஒருவரைத் தேடிப் பிடித்து இணைத்து விடுகிறேன்.

இந்தக் கேள்வியால் எங்கள் திட்டத்தில் ஒன்று மாறுகிறது. ஜூனியர்களின் சின்ன குரூப்பில் சீனியர் ஒருவர் அல்லது இருவர்தான் இருக்க வேண்டும், அதுவும் அந்தக் குரூப் கேட்டால் வெளியேற்றும்படி. மொத்த சீனியர் பேட்சும் உள்ளே வரக் கூடாது.

எலும்பு_பெட்டி | இரவு 8.15

நடைமுறை விஷயம் ஒன்று. சர்வர் ஆரம்பித்த இரண்டாம் வாரம் யாராவது பணம் கட்டிப் பார்க்க வேண்டிய கோச்சிங் வீடியோக்களை மொத்தமாக டெலிகிராமிலிருந்து இறக்கிப் போடுவார்கள். கூட்டம் உடனே சேரும். அந்தக் கூட்டம் வீடியோவுக்கு வந்தது, ஒருவருக்கு ஒருவர் பேசுவதற்கு வந்தது இல்லை. அதோடு திருட்டுப் பிரதி வேறு. முதல் நாளிலிருந்தே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில் ஆன்கி என்ற ஆப்பில் கேள்வி-பதில் கார்டு சேர்ந்து செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் இலவசம். ஒவ்வொரு டேபிளும் வாரம் ஒரு தலைப்புக்குக் கார்டு எழுதிப் பொதுவில் வைத்தால், வருடக் கடைசியில் அந்த பேட்சுக்கே சொந்தமாக ஒரு தொகுப்பு. எழுதும்போதே பாதி பதிந்துவிடும்.

கயல்_98 | இரவு 8.40

வாய்ஸ் சேனலை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிஸ்கார்டில் எனக்குப் பிடித்தது அதுதான். யாரும் யாருக்கும் கால் செய்ய வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்த அறை அது, நுழைந்து மைக்கை மியூட் செய்துவிட்டு உட்கார்ந்து படிக்கலாம். 25 நிமிடம் பேச்சே கிடையாது, பக்கம் புரட்டும் சத்தம்கூட இல்லை. அப்புறம் 5 நிமிடம் எல்லாரும் மைக் போட்டு, புரியாததைக் கேட்பார்கள், மெஸ்ஸில் உப்புமாவா என்றும் கேட்பார்கள். பரீட்சை சமயத்தில் ஹாஸ்டல் பெண்களும் டே ஸ்காலர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படித்தது அங்கே மட்டும்தான். வீட்டில் தனி அறை இல்லாத ஒரு தோழி மொட்டை மாடியில் உட்கார்ந்து ஹெட்போனோடு வருவாள். யாரோ கூட இருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

தாமிரபரணி | இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஆட்களோடு இப்போதுதான் பேசினேன். முடிவு இது: அறிவிப்புக்கு வழக்கமான வாட்ஸ்அப் குரூப், சிஆர் (வகுப்புப் பிரதிநிதி) மட்டும் எழுதும்படி. பேச்சுக்கு டேபிள் வாரியாகப் பத்துப் பேர் குரூப். நம்பர் பிரச்சினை இருப்பதால் அதை டெலிகிராமில் நம்பரை மறைத்து வைப்பதா, டிஸ்கார்டிலா என்று அந்தந்த டேபிளே, முக்கியமாக அதில் உள்ள பெண்கள், முடிவு செய்யட்டும். டிஸ்கார்டில் மூன்றே சேனல்: கேள்வி, அரட்டை, படிப்பு வாய்ஸ். தேவை வந்தால் நாலாவது. முதல் இரண்டு வாரம் எங்களில் யாராவது ஒருவர் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வாய்ஸில் கட்டாயம் இருப்போம், காலி அறையாக இருக்கக் கூடாது என்பதற்காக.

நாங்கள் ஃபைனல் இயர் போனதும் யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

நைட்_டூட்டி | இரவு 9.55

இரண்டாம் ஆண்டுக்கு. அவர்களுடைய ஃபர்ஸ்ட் இயர் ரிசல்ட் வந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். அனாடமி அப்போதுதான் சூடாக நினைவிருக்கும், எங்கே தடுமாறினோம் என்பதும் மறந்திருக்காது. நான் இப்போது போய் ஹிஸ்டாலஜி சொல்லிக் கொடுத்தால் பாதி தப்பாகத்தான் வரும். அட்மின் இரண்டு பேர், ஒருவர் பெண், ஒருவர் டே ஸ்காலராக இருந்தால் நல்லது. ஃபெயிலாகி சப்ளி எழுதிப் பாஸ் ஆனவர் ஒருவரையும் சேருங்கள். பயந்துபோன ஜூனியர் முதலில் அவரிடம்தான் பேசுவார்.

தாமிரபரணி | இரவு 10.02

சரி அண்ணா. வாத்தியார் சார், படம் போடுவது பற்றி மேலே ஒட்டி வைக்க இரண்டு மூன்று வரி நீங்களே எழுதித் தர முடியுமா? நாங்கள் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

உடற்கூறு_வாத்தியார் | இரவு 10.40

எழுதியிருக்கிறேன், தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"இங்கே தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்கலாம். டிசெக்‌ஷன் ஹால், வார்டு, லேபர் ரூம், ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) ஆகிய இடங்களில் எடுத்த எந்தப் படமும் வேண்டாம், முகம் மறைத்திருந்தாலும் வேண்டாம். எக்ஸ்ரே, ரிப்போர்ட், கேஸ் ஷீட் படமும் வேண்டாம். நோயாளியைப் பற்றி எழுதும்போது பெயர், ஊர், ஐபி நம்பர், கட்டில் நம்பர் இல்லாமல் எழுதவும். தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் திட்டாமல் அழிக்கச் சொல்லவும், பார்த்தவர்களும் தங்கள் போனிலிருந்து அழிக்கவும். அட்மினுக்குத் தகவல் சொல்லவும்."

லேபர் ரூம் என்பதை எடுத்துவிடாதீர்கள். மற்ற இடங்களைவிட அங்கே கவனம் அதிகம் வேண்டும்.